வீட்டுக்குள் இயந்திர ரிப்பேர்: ரங்கூன் மாடி வீட்டிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ரங்கூன் நகரின் நடுப்பகுதியில், லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். 2021க்குப் பிறகு மின்வெட்டு அதிகமானதிலிருந்து, எங்கள் தெருவில் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் ஒரு சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரோ, இன்வெர்ட்டரும் பேட்டரியுமோ, கீழ்த்தொட்டியிலிருந்து தண்ணீர் ஏற்றும் பம்போ இருக்கிறது. அவை பழுதானால் மூன்று மாடி இறக்கிக் கடைக்குச் சுமந்து போவதற்குப் பதிலாக, வீட்டிலேயே பிரித்துப் பார்ப்பவர்கள் பலர். நானும் அப்படித்தான் பழகினேன். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதும், பெகுவிலும் மோல்மேனிலும் இருக்கும் உறவினர் தொலைபேசியில் பேசும்போதும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை எழுதி, பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

அண்ணே, இந்த அழுக்கு வேலையெல்லாம் வீட்டுக்குள்ள செய்யலாமா, கூடாதா?

செய்யலாம். ஆனால் ஜெனரேட்டர் ரிப்பேர் என்று ஒரே பெயரால் நாம் சொல்வது பல வேலைகள் சேர்ந்தது. எரிபொருளை வடிப்பது, பிரிப்பது, பாகங்களைக் கழுவுவது, தேய்ப்பது, மறுபடி பூட்டுவது, ஓட்டிப் பார்ப்பது என்று அதைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிரிப்பதையும் பூட்டுவதையும் வீட்டுக்குள் செய்வதில் தவறு ஒன்றும் இல்லை. எரிபொருளை வடிப்பதும் ஓட்டிப் பார்ப்பதும் எந்த நாளிலும் வீட்டுக்குள் நடக்கக் கூடாது. கழுவுவதும் தேய்ப்பதும் எதைக் கழுவுகிறோம், எதைத் தேய்க்கிறோம் என்பதைப் பொறுத்தவை.

எனக்குத் தெரிந்த விபத்துகள் எல்லாம், நன்றாக வேலை தெரிந்தவர்கள் கீழே இறங்கச் சோம்பி, வெளியே செய்ய வேண்டியதை உள்ளேயே செய்தபோது நடந்தவை. ஆகவே கீழே வரும் எந்தப் பதிலைப் படித்தாலும் இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எங்க வீட்டுல ஹால் ஒண்ணுதான். எந்த இடத்துல உட்காருறது?

இங்குள்ள பழைய வீடுகள் தெருப்பக்கம் ஜன்னலும் பின்பக்கம் சமையலறையுமாக, நீளமாகவும் குறுகலாகவும் இருப்பவை. தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது என்று பலர் சமையலறையை ஒட்டி உட்காருகிறார்கள். அடுப்பும் சாப்பாடும் இருக்கும் அந்த இடம் இதற்கு ஆகாது. தெருப்பக்க ஜன்னலை ஒட்டிய மூலையைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பக்க ஜன்னல்களையும் திறந்து வையுங்கள். மாடிப்படித் திருப்பத்தில் உட்காரவே உட்காராதீர்கள். தீப்பிடித்தால் ஏழெட்டுக் குடும்பங்களும் இறங்கி ஓடுவதற்கு உள்ள ஒரே வழி அதுதான்.

பலகைத் தரையாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தொடக்கத்தில் ஒருமுறை எஞ்சின் ஆயிலை ஒரு பிஸ்கட் டின் மூடியில் பிடித்தேன். முழங்கால் பட்டு அது சாய்ந்தது. மேலே கிடந்ததை உடனே துடைத்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். சிறிது நேரத்தில் கீழ்வீட்டு அம்மா தம் கொசுவலையைக் கையில் சுருட்டிக்கொண்டு மேலே வந்து நின்றார். வெள்ளை வலையில் மிளகு அளவில் கறுப்புப் புள்ளிகள் ஒரே கோடாக, பலகை இடுக்கு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகவே விழுந்திருந்தன. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. புது வலை வாங்கிக் கொடுத்துவிட்டு, அன்றே தார்ப்பாய் வாங்கினேன்.

தார்ப்பாயை விரித்து, அதன் நான்கு ஓரங்களுக்கு அடியிலும் பழைய கைலிகளைக் கயிறுபோல உருட்டி வைத்தால், சுற்றிலும் இரண்டு விரல் உயரத்துக்குக் கரை எழும்பும். அதன்மேல் அட்டையையும், அட்டையின்மேல் இந்த வேலைக்கென்றே ஒதுக்கிய ஒரு பெரிய தாம்பாளத்தையும் வையுங்கள். கரை சரியாக நிற்கிறதா என்று அரை லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகே ஸ்பானரைக் கையில் எடுங்கள்.

தொட்டியில இருக்கிற பெட்ரோலை வடிச்சிட்டா போதும்தானே?

போதாது. தொட்டி காலியான பிறகும் ரப்பர் குழாயிலும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்திலும் பெட்ரோல் நிற்கும். கிண்ணத்தின் அடியில் உள்ள வடிதிருகாணியைத் தளர்த்தி, கடைசிச் சொட்டும் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். இதைத் தெருவில் அல்லது கட்டடத்தின் திறந்த பின்பக்கத்தில் செய்து, தொட்டி மூடியைக் கழற்றிச் சில மணி நேரம் அங்கேயே காற்றாட வைத்து, வாசனை அடங்கிய பிறகுதான் இயந்திரத்தை மாடிக்கு ஏற்ற வேண்டும்.

இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் பெட்ரோல் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, தாழ்ந்த இடத்தைத் தேடிப் போகும். நம் வீடுகளில் சாமி விளக்கு பெரும்பாலும் தரையிலோ தாழ்ந்த மாடத்திலோதான் எரிகிறது. சாம்பிராணித் தணலும் அப்படியே. நீங்கள் ஜன்னலோரம் திறந்து வைத்த ஒரு கிண்ணம் பெட்ரோலின் ஆவி, பத்தடி தள்ளியிருக்கும் குத்துவிளக்கை எட்டிவிட்டால், தீ வந்த வழியே திரும்பி ஓடிவந்து உங்கள் கையைப் பிடிக்கும். விளக்கு ஏற்றக் கூடாது என்று வீட்டாரிடம் சொல்வது முறையாகாது. பெட்ரோல்தான் வெளியே நிற்க வேண்டும்.

பாகங்களைக் கழுவவும் பெட்ரோல் வேண்டாம். சோப்புத் தண்ணீரும் பழைய பல் பிரஷும் முக்கால்வாசி அழுக்கை எடுத்துவிடும். மிச்சத்துக்கு மண்ணெண்ணெய் போதும். அதையும் வெளியில் வைத்துத்தான் செய்ய வேண்டும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 டிகிரியில் எரியும் ஆவியை விடத் தொடங்கும். ஏப்ரல் மாதத்து ரங்கூன் வெயில் அந்த அளவை ஒட்டியே நிற்பதால், தண்ணீர்த் திருவிழாக் காலத்து நண்பகலில் அதையும் பெட்ரோலைப் போலவே மதியுங்கள். தீ கை மீறினால் இங்கே தீயணைப்புக்கு அழைக்கும் எண் 191. அதைத் தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

பூட்டி முடிச்சாச்சு. ஒரே ஒரு நிமிஷம் பால்கனியில ஓட்டிப் பார்க்கலாமா?

கூடாது. ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பால்கனியில் ஓட்டினால் அது திறந்த கதவு வழியாக உங்கள் வீட்டுக்கும், ஜன்னல் வழியாக மேல்வீட்டுக்கும் போகும். தலைவலியும் குமட்டலும் தொடங்கும்போது பசி என்றோ வெயில் என்றோ நினைத்துப் படுப்பவர்கள் எழுந்திருக்காமலே போவதுண்டு. கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீடுகளுக்கு எதிர்ப்புறம் பார்க்கும்படி வைத்தே ஓட்ட வேண்டும். ரிப்பேரின் ஒரு நிமிடத்துக்கு மட்டுமன்றி, மின்வெட்டு இரவு முழுவதற்கும் இதுவே விதி.

மாடியில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பெட்ரோல் ஒரு சொட்டும் இல்லாத நிலையில் ஸ்பார்க் பிளக்கைப் பூட்டி, அதன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒரு கட்டத்தில் கை கனத்துத் தடைபட்டால் அழுத்தம் இருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டியதைக் கீழே போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்ரோல் வருது, பிளக் புதுசு, ஆனா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. எங்க பார்க்கணும்?

மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற இயந்திரமானால் முதலில் கார்பரேட்டரைச் சந்தேகியுங்கள். பழைய பெட்ரோல் உலர்ந்து, தேன் நிறத்தில் பிசின் போலப் படிந்து, அதற்குள் பெட்ரோல் வரும் சிறு பித்தளைத் துண்டான ஜெட்டின் நுண்ணிய துளையை அடைத்திருக்கும். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்; வட்டமாக ஓர் ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். அடைத்திருந்தால் ஊசியால் குத்தாமல், மின் ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையைத் துளைக்குள் விட்டு அடைப்பை எடுங்கள். ஊசி பித்தளையைக் கீறித் துளையைப் பெரிதாக்கிவிடும். அதன்பின் எஞ்சின் கறுப்புப் புகைதான் விடும்.

புதுப் பிளக்கானாலும் அதன் இடைவெளியைப் பாருங்கள். 160 சிசி வகை ஜெனரேட்டர் எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் வேண்டும். ஆயில் மட்டத்தையும் பாருங்கள். ஆயில் குறைந்தால் ஓட விடாத பாதுகாப்பு பல இயந்திரங்களில் இருப்பதால், பழுதே இல்லாத எஞ்சினைப் பலர் முழுதாகப் பிரித்துவிடுகிறார்கள். புது எஞ்சினில் முதல் 20 மணி நேரத்திலும் பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் ஆயில் மாற்றுவது வழக்கம்.

பிரிச்சு வெச்சதைப் பிள்ளைங்களும் பூனையும் கலைச்சிடுது மாமா. என்ன செய்யறது?

முட்டை அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் கழற்றியது முதல் குழியில், அடுத்தது அடுத்த குழியில் என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே போய், பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். அதில் உங்கள் விரலும் தெரியட்டும். எது எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் பிறகு அடையாளம் காண விரல் உதவும். ஸ்பிரிங்கோ வளையக் கிளிப்போ கழற்றும்போது, கையையும் பாகத்தையும் சேர்த்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கழற்றினால், தெறித்தாலும் பைக்குள்ளேயே விழும். இரவில் அட்டையைப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள்.

போல்ட் அசையவே மாட்டேங்குது. நெருப்புக் காட்டலாமா?

வீட்டுக்குள் நெருப்புக் காட்ட வேண்டாம். பெட்ரோல் பற்றி மேலே சொன்னதே காரணம். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் போல்ட்டின் தலையில் சுத்தியலால் நான்கைந்து முறை நேராகத் தட்டி, முதலில் இம்மியளவு இறுக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு தளர்த்துங்கள். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். சைக்கிளின் இடது பெடலில் மரை எதிர்ப்பக்கமாக வெட்டப்பட்டிருக்கும். அதை வழக்கம்போல் தளர்த்துவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போனவர்கள் உண்டு. சுத்தியல் வேலையைக் கீழ்வீட்டார் தூங்கும் நேரத்தில் செய்யாதீர்கள்.

கை கறுப்பு, தரை கறுப்பு, சட்டை கறுப்பு. வீட்டுல தினமும் சண்டை.

தரையில் சிந்திய ஆயிலைத் தண்ணீரால் கழுவினால் பரவும். ஒரு வீசை உமியை, அதாவது சுமார் 1.6 கிலோ, ஒரு சாக்கில் எப்போதும் வைத்திருங்கள். நெல் விளையும் இந்த நாட்டில் அதற்குப் பஞ்சம் இல்லை. சிந்திய இடத்தில் கனமாகத் தூவி, காலால் மிதித்து, அரை மணி நேரம் விட்டுப் பெருக்கி எடுத்த பிறகு சோப்புப் போடுங்கள். கைக்குச் சமையல் எண்ணெய் ஒரு கரண்டியும் சர்க்கரை ஒரு கரண்டியும் சேர்த்துத் தேய்த்து, பிறகு சோப்பால் கழுவுங்கள். பெட்ரோலால் கை கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது தோலின் எண்ணெய்ப் பசையை உருவி வெடிக்க வைக்கும். ஓடிய எஞ்சின் ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்கள் சேர்ந்திருப்பதால், முடிந்தவரை கையுறை போடுங்கள்.

மரச்சாமானுக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. அது காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப் போடுங்கள்.

பழைய ஆயிலை வீட்டுத் தூணுக்குப் பூசலாமா? என் தாத்தா பூசுவாரே?

உங்கள் தாத்தா பூசியது பெரும்பாலும் மண்ணிலிருந்து எடுத்த கச்சா எண்ணெயாக இருந்திருக்கும். ஏனாஞ்சாவுங் பகுதியில் கையால் தோண்டிய கிணறுகளிலிருந்து எடுத்த அந்த எண்ணெயைக் கரையானுக்கு எதிராக வீட்டு மரங்களுக்குப் பூசுவது பர்மாவின் பழைய வழக்கம். எஞ்சினில் ஓடித் தேய்ந்த ஆயில் வேறு பொருள். அதில் உலோகத் துகளும் கரியும் கலந்திருக்கும். பிள்ளைகள் சாய்ந்து நிற்கும் தூணில் அது இருக்கக் கூடாது.

சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். மழைக்காலத்தில் நம் பின்சந்துகளில் சாக்கடை நிரம்பி வழியும்போது, ஊற்றியது வீட்டு வாசலுக்கே திரும்பி வரும். மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

பேட்டரியை ஹால்லயே வெச்சுத்தான் சார்ஜ் போடறோம். ஒண்ணும் ஆகலையே?

லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும். பெட்ரோல் ஆவி தரையில் தவழ்வதற்கு மாறாக இது மேலே போய்க் கூரையடியில் தங்கும். ஆகவே பேட்டரிக்கு மேலே திறப்பு இருக்க வேண்டும். அலமாரிக்குள்ளோ கட்டிலுக்கு அடியிலோ வைக்கக் கூடாது. கழற்றும்போது நெகடிவ் முனையை முதலிலும், பூட்டும்போது கடைசியிலும் கையாளுங்கள். மோதிரத்தையும் கைச்சங்கிலியையும் கழற்றி வையுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மட்டம் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆசிட் தரையில் சிந்தினால் சமையல் சோடா தூவி, நுரை அடங்கிய பிறகு கழுவுங்கள். கண்ணிலோ தோலிலோ பட்டால் சோடா தேடாமல் தண்ணீரால் வெகுநேரம் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள்.

பம்பு மோட்டாரைக் கரண்ட் போன நேரத்துல பிரிச்சா பயமில்லைதானே?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் அச்சம் தருவது. மின்வெட்டு என்பது உங்கள் சுவிட்சு அன்று. எந்த நொடியில் மின்சாரம் திரும்பும் என்பது உங்கள் கையில் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் ஈரத்தரையில் உட்கார்ந்து மோட்டார் மூடியைத் திறந்து வைத்திருக்கும்போது 230 வோல்ட் திரும்பி வந்தால், கையை எடுக்க நேரம் இருக்காது. விளக்கு எரிகிறதோ இல்லையோ, பிளக்கைப் பிடுங்கி அதை உங்கள் மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். நேரடியாக ஒயர் இழுத்திருந்தால் மெயினை இறக்கி, அதன் பக்கத்தில் வீட்டார் ஒருவரை நிறுத்துங்கள்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மோட்டாரோடு இணைந்து மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஸ்குரூடிரைவரால் இரு முனைகளையும் சேர்த்துப் பொறி பறக்க விடுவது பலருடைய வழக்கம். முனையும் உருகும், கண்ணிலும் தெறிக்கும். பழைய இழை பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, அதன் இரு ஒயர்களையும் உறையைப் பிடித்துக்கொண்டு கண்டென்சர் முனைகளில் சில நொடி தொட்டு வைத்தால் அது அடங்கிவிடும்.

இதையொட்டி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய ஒயரால் ஜெனரேட்டரைச் சுவர்ப் பாயின்ட்டில் செருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குப் போய், மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவரைக் கொல்லும். தெரு மின்சாரமும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேராமல் ஏதாவது ஒன்றை மட்டும் வீட்டுக்கு இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்சு ஒன்றை எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாட்டுங்கள். இதை நீங்களே செய்யத் துணிய வேண்டாம்.

மருமக மாசமா இருக்கா. இப்ப வீட்டுல வேலை செய்யலாமா?

கழுவி முடித்த பாகங்களைப் பூட்டுவதைத் தவிர எதையும் செய்யாதீர்கள். பேட்டரி முனையின் வெள்ளைப் பொடி, பழைய பெயிண்ட்டைச் சுரண்டும் தூசி ஆகியவற்றில் ஈயம் இருக்கலாம். அது வயிற்றுக் குழந்தைக்கும் சிறு பிள்ளைகளுக்கும் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பழைய பிரேக் ஷூ, கிளட்ச், கேஸ்கெட் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், அதை யார் வீட்டிலும் ஊதவோ பெருக்கவோ கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிய வேண்டும். தரைத்தளத்தில் முற்றம் உள்ள நண்பர் வீட்டுக்கு வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். வேலை உடுப்பை அங்கேயே கழற்றி, மற்றத் துணிகளோடு சேர்க்காமல் துவையுங்கள்.

மூணு வாரமாச்சு, இன்னும் ஜன்னலோரம் தார்ப்பாய் கிடக்குதுன்னு வீட்டம்மா கோபப்படறாங்க.

அவர்களுடைய கோபம் நியாயமானது. அந்த மூலை உங்களுடையது மட்டும் அன்று. குடும்பத்திடம் இரவலாக வாங்கியது. தொடங்கும் முன் என்ன பாகம் தேவைப்படும் என்று பார்த்து வாங்கிவிட்டுப் பிரியுங்கள். சீலிங் ஃபேன் பேரிங் 6201, 6202 போன்ற எண்ணோடு பக்கவாட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் கடையில் உடனே கிடைக்கும். பாகம் கிடைக்கவில்லையானால், அன்றே எல்லாவற்றையும் ஒரு மூடிய பெட்டியில் அடுக்கித் தார்ப்பாயை மடித்துவிடுங்கள். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுவது, கிராங்க் வேலை ஆகிய இரண்டையும் தொடக்கத்திலேயே பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள். அவை வீட்டில் முடியாமல் கிடப்பதைத்தான் நான் எங்கும் பார்த்திருக்கிறேன்.

பையனுக்குப் பதினோரு வயசு. கூடவே உட்காரணும்னு அடம் பிடிக்கிறான். விடலாமா அண்ணே?

விடுங்கள். பெட்ரோல், பேட்டரி, திறந்த மின் இணைப்பு, மேலே சொன்ன தூசி ஆகிய நான்கும் இல்லாத நாளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். கண்ணாடி போட்டுவிடுங்கள், ஸ்பிரிங் கழற்றும்போது முகத்தைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். டார்ச் பிடிப்பது, சோப்புத் தண்ணீரில் நட்டுகளைத் தேய்ப்பது, முட்டை அட்டையில் வரிசை பார்ப்பது ஆகியவை அவனுடைய வேலையாக இருக்கட்டும். என் தங்கை மகன் முதல் நாள் செய்தது, பன்னிரண்டு குழிகளுக்கும் எண் எழுதியதுதான். பூட்டி முடித்தபோது ஏழாம் குழியில் ஒரு வாஷர் மிச்சம் இருப்பதை அவன்தான் காட்டினான். பம்பை மறுபடி திறந்து பார்த்தோம். அது இருக்க வேண்டிய இடம் காலியாகவே இருந்தது.